ஆராய்ச்சிப் படிப்பும் மிருதங்கமும்: இரண்டையும் சேர்த்து நடத்த முடியுமா?

வலந்தலை எழுதியது:

வணக்கம். திருச்சியில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. உலோக ஆக்சைடு வினையூக்கிகள்தான் என் வேலை. சின்ன வயதிலிருந்தே மிருதங்கம் வாசிக்கிறேன். இளங்கலை படித்தபோது கல்லூரி விழா, கோயில் கச்சேரி என்று எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவேன். ஆய்வில் சேர்ந்த பிறகும் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்துவிட்டுத்தான் ஆய்வகம் போகிறேன்.

இப்போது என் முதல் கட்டுரை ஆய்விதழிலிருந்து திருத்தச் சொல்லித் திரும்பித் திரும்பி வருகிறது. கைடு நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. “ஒரு வருஷம் அதை மூட்டை கட்டி வை. பட்டம் வாங்கின பிறகு ஆயுசு முழுக்க வாசி” என்றார். வீட்டில் அண்ணனும் அதையேதான் சொல்கிறான். நானோ மார்கழியில் ஒரு தோழியின் கச்சேரிக்கு வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

“மனசுக்கு நல்லது, டென்ஷன் குறையும்” என்ற பதில் எனக்கே தெரியும். நான் கேட்பது அதற்கு மேல். பிடித்த கலையோ பொழுதுபோக்கோ உங்கள் படிப்புக்குள்ளும் வேலைக்குள்ளும் வந்து உண்மையிலேயே ஏதாவது செய்திருக்கிறதா? என்ன செய்தது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கடற்கரை_நடை எழுதியது:

நான் சென்னையில் விலங்கியல் படித்தேன், இப்போது வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். படித்த நாட்களில் ‘ஆமை நடை’ போவேன், அதாவது இரவில் கடற்கரையோரம் நடந்து கடலாமைக் கூடுகளைத் தேடுவோம். சென்னை மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் நடக்கிறது. அதற்கு முன்பே, எழுபதுகளில், பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் அந்தக் கரையில் நடந்திருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸுக்குப் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர், படிப்பை விட்டுவிட்டு அந்தமான், லட்சத்தீவு வரைக்கும் ஆமைகளைத் தேடிப் போனவர். 1988 குழுவில் இருந்த கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். அவர்களுக்கு ஆமையே வாழ்க்கை ஆயிற்று. எனக்கு அப்படி ஆகவில்லை. அதனால்தான் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் நீலாங்கரையில் கிளம்பி பெசன்ட் நகர் வரை நடப்போம். டார்ச் அடிக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, ஈர மணலில் துடுப்புக்கால் பதிந்த தடம் தெரியும்: ஒன்று கரையேறுகிறது, ஒன்று கடலுக்குத் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் மணல் கலைந்து கிடக்கிற இடத்தில்தான் கூடு. ஆனால் ஆமை அந்த இடத்தை அடையாளம் தெரியாமல் மூடிவிட்டுப் போயிருக்கும். குச்சியை மெல்ல மெல்ல இறக்கிப் பார்ப்போம். இறுகிய மணலில் நிற்கிற குச்சி, கூட்டின் கழுத்துக்கு மேல் சட்டென்று இளகும். அந்த இளக்கம் கைக்குப் பழக எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. அப்புறம் கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடிக்குக் கீழே முட்டைகள், பெரும்பாலும் நூற்றுக்கு மேல். துணிப்பையில் எடுத்துப் போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற அதே வடிவில் குழி தோண்டிப் புதைப்போம். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆனால் குஞ்சு வெளியே வரும்.

இதில் வங்கிக்கு என்ன இருக்கிறது? ஊரூர் குப்பத்து மீனவர்களிடம் பேசிப் பழகியதுதான். எந்தப் பக்கம் கூடு இருக்கலாம், வலையில் ஏதாவது அடிபட்டதா, காற்று எப்படி மாறியது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கேள்வித்தாளை நீட்டினால் ஒரு சொல் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வலையைச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தால் அவர்களே சொல்வார்கள். இன்று சுயஉதவிக் குழுக் கடனுக்குக் கள ஆய்வு போகும்போது, படிவத்தை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் முதல் அரைமணி நேரம் பேசுகிறேன். கடன் எதற்கு, எப்படித் திருப்புவார்கள் என்ற உண்மையான கணக்கு அந்த அரைமணியில் வந்துவிடும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

---

முதல்_பட்டதாரி எழுதியது:

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படித்தேன். வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். கிளப், நாடகக் குழு, இசைக்குழு எல்லாம் வகுப்பு முடிந்த பிறகுதான். எங்கள் பேருந்து வகுப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடும். அதை விட்டால் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சனி, ஞாயிறில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன், தீபாவளி சமயத்தில் இரவு வரைக்கும். எனக்குப் படம் நன்றாக வரையவரும். அது வகுப்பிலிருந்த பாதிப்பேருக்கு ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுப்பதோடு நின்றுபோனது.

வளாக நேர்முகத்தில் “உங்கள் ஹாபி என்ன” என்று கேட்டார்கள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள் கிடார், புகைப்படம், மலையேற்றம் என்றார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பொழுதுபோக்கு ஆளை மெருகேற்றும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். பொழுது யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? இன்று நானே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்களில் பாதிக்கு மேல் அதே பேருந்துப் பிள்ளைகள்தான்.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

முதல்_பட்டதாரி சொல்வது நியாயம், சார். நான் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளிடம் இசை, ஓவியம், கைவேலை என்று ஏதாவது ஈடுபாடு மற்ற விஞ்ஞானிகளைவிட அதிகம் என்று காட்டிய ஆய்வு ஒன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். அதை வைத்துக்கொண்டு “வயலின் கற்றால் ஆராய்ச்சி வளரும்” என்று சொல்ல முடியாது. வசதியான வீடு இரண்டையும் கொடுத்திருக்கலாம். இயல்பிலேயே துருதுருவென்று இருப்பவர் இரண்டிலும் இறங்கியிருக்கலாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது என்று ஆகாது.

ஆகவே சராசரிக் கணக்கை விடுங்கள். வலந்தலை கேட்டது “என்ன செய்தது” என்பதை. அதற்கு ஒரு தனி மனிதரைப் பார்ப்பதுதான் சரி. நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது கிஃப்ட் சிரோமணியை. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர், 1988-இல் மறைந்தார். அவருடைய ஈடுபாடுகளைக் கேட்டால் தலை சுற்றும்: கோலம், மாமல்லபுரச் சிற்பம், பழந்தமிழ்க் கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து.

கோலத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புள்ளி வைத்து, கம்பியைக் கையெடுக்காமல் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்கிறார்களே, அதைத் தினமும் வாசலில் பார்க்காத தமிழர் யார்? மூன்று புள்ளியில் போடத் தெரிந்த பெண் அதே கோலத்தை ஐந்திலும் ஏழிலும் யோசிக்காமல் பெருக்கிப் போடுவார். அப்படியென்றால் அவர் மனதில் இருப்பது படம் அல்ல, படத்தை வளர்க்கும் விதி. கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, பின்னாளில் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த கமலா கிருதிவாசன் மூவரும் இதைக் கணினியியலின் மொழியில் எழுதினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப் போல, கட்டம் கட்டமாக அடுக்கிய படங்களுக்கும் இலக்கணம் எழுதலாம் என்று ஒரு துறை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அதில் கோலத்தைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1974-இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்தது. உலகின் எந்த மூலையிலும் கோலத்தின் கணிதத்தைப் படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று. மாமல்லபுரத்துச் சிற்பங்களின் முகம், கை, இடுப்பு எல்லாவற்றையும் அளந்து, அந்த விகிதங்களைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டார். “இது அழகு, அது அழகு” என்று ரசித்துவிட்டு வந்திருக்கலாம். அவர் அளவுநாடாவோடு போனார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினிக்கு அடையாளம் காட்டும் வேலையையும் எழுபதுகளிலேயே செய்து 1978-இல் கட்டுரை எழுதினார்.

இந்த மனிதரிடம் எது வேலை, எது பொழுதுபோக்கு என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. தன் துறையின் கருவிகளை எடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த இடத்துக்குப் போனார். அங்கே கிடைத்த கேள்விகள் திரும்பவும் துறைக்கே வந்தன. அதோடு, கோலத்தில் யார் வல்லுநர் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. வாசலில் கோலம் போட்ட பெண்களிடம் கேட்டுக்கொண்டார். பேராசிரியர் ஆன பிறகும் ஒருவருக்கு மாணவராக உட்கார இடம் கிடைப்பது பெரிய விஷயம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தால் அது கிடைக்காது.

---

நாதம் எழுதியது:

வலந்தலை தம்பி, மிருதங்கம் என்று சொல்லிவிட்டு சி. வி. ராமனைப் பற்றி யாரும் எழுதாமல் இந்த இழை முடியக் கூடாது. நான் இயற்பியல் நடத்துகிறேன். ஒலியியல் பாடத்தில் வருடா வருடம் சொல்கிற கதை இது.

ராமன் 1907-இல் கல்கத்தாவுக்குப் போனது விஞ்ஞானியாக அல்ல, நிதித்துறை அதிகாரியாக. அன்று இந்தியாவில் ஆராய்ச்சிக்கென்று வேலை ஏது? பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் கிட்டத்தட்ட ஆளில்லாமல் கிடந்தது. ஆபீசுக்கு முன் காலையிலும், ஆபீஸ் விட்டு மாலையிலும் அங்கே போய்ச் சோதனை செய்தார். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றலான காலம் போக, பத்து வருஷம் இப்படித்தான்! 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தபோது, சம்பளம் குறையும் என்று தெரிந்தே அரசு வேலையை விட்டார். ஆகவே உலகம் கொண்டாடும் ராமனின் அறிவியல், முதல் பத்தாண்டு ஒரு கணக்கு அதிகாரியின் ஓய்வுநேர ஈடுபாடாகத்தான் இருந்தது. 1928-இல் ராமன் விளைவு, 1930-இல் நோபல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இனி மிருதங்கத்துக்கு வருகிறேன். ராமனின் அப்பா வயலின் வாசிப்பார். வீட்டில் கேட்ட இசை பிள்ளையை விடவில்லை. வயலின், வீணை, தம்பூரா என்று ஒவ்வொன்றின் நாதத்தையும் ஆராய்ந்தவர் தோல் வாத்தியத்துக்கு வந்தார். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். அதனால்தான் சாதாரணக் கொட்டில் சத்தம் வரும், சுருதி வராது. மிருதங்கமும் தபலாவும் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகின்றன?

கரணைதான் காரணம். வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின், நடுவில் கல்பொடியும் சோறும் குழைத்து, அடுக்கடுக்காகத் தடவி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்களே, அந்தக் கறுப்பு வட்டத்தின் எடை தோலின் அதிர்வுகளை இடம் மாற்றி, 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது. ராமன் தோலின் மேல் நைசான மணலைத் தூவித் தட்டிப் பார்த்தார். தோல் அசையாத கோடுகளில் மணல் வந்து நிற்கும். அப்படிப் பார்த்ததில் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்குவதைக் கண்டார். முதல் இரண்டு சுரங்களுக்கு ஒவ்வொரு அதிர்வு, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இரண்டிரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார், பெங்களூருக்குப் போன பிறகு 1934-இல் விரிவாக எழுதினார்.

இதைச் சமன்பாடு தெரியாமலே, காதால் மட்டும் கேட்டுக் கேட்டு, தேய்த்துச் சரிசெய்தவர்கள் வாத்தியம் செய்யும் தொழிலாளர்கள். ராமன் அதை மதித்துத்தான் ஆராய்ந்தார். காது பழகாத ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம்.

---

வலந்தலை எழுதியது:

நாதம் சார், படித்துவிட்டு நேராக மிருதங்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தில் மெல்ல ஒட்டியிருக்கும், ஆள்காட்டி விரல் விளிம்பில் விழும். “அழுத்தாதே, தொட்டுக்கொண்டிரு” என்பார் என் குரு. இப்போது புரிகிறது: விரல் தொடுகிற கோட்டில் தோல் அசையாது. அடிப்படை அதிர்வு அடங்கி, தோல் இரண்டு பாதியாகப் பிரிந்து ஆடுகிற இரண்டாவது சுரம் மேலே வருகிறது. மணல் தூவிப் பார்த்த கோட்டை விரலால் போட்டுக் கொடுக்கிறோம்!

இதில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம். என் வினையூக்கிகளை ஆராய நான் பயன்படுத்துவதே ராமன் நிறமாலைமானிதான். மூலக்கூறுகளின் அதிர்வைப் படிக்கிறோம். வேறு வேறு வடிவில் அதிர்ந்தாலும் ஒரே அதிர்வெண்ணில் வந்து சேரும் அதிர்வுகள் அங்கேயும் உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு அதிர்வு நான்கு, அதில் வளையும் அதிர்வுகள் இரண்டுக்கும் அதிர்வெண் ஒன்றே. எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரும்போது எப்போதும் முழிப்பார்கள். அடுத்த முறை மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன்.

ஆனாலும் என் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. கட்டுரை இன்னும் வெளிவரவில்லை.

---

ஏற்காட்டு_மழை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. கல்லூரியில் யாரோ கொடுத்த பைனாகுலரில் தொடங்கி, பறவை பார்ப்பது விடவில்லை. பொங்கல் நான்கு நாட்களும் ஊரில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறோம். தமிழ்நாடு முழுக்க 2015-இலிருந்து நடக்கிறது. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் பார்த்து, கண்டது எல்லாவற்றையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

முதலில் நான் அரிய பறவையை மட்டும் எழுதுவேன். “காக்கா, மைனாவை ஏன் விட்டாய்?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். எவ்வளவு நேரம் பார்த்தோம், கண்டதையெல்லாம் எழுதினோமா என்பது தெரிந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே உண்மையிலேயே தென்படவில்லை என்று சொல்ல முடியும். அந்த ‘இல்லை’யும் ஒரு தகவல். அன்றிலிருந்து என் சோதனை அறிக்கை மாறிவிட்டது. பிழை கண்ட இடத்தை மட்டும் எழுதாமல், எங்கெல்லாம் தேடிப் பிழை இல்லை என்பதையும் எழுதுகிறேன். எங்கள் குழுவில் இப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

---

பேராதனை_வளாகம் எழுதியது:

நான் இலங்கையிலிருந்து. பேராதனையில் பொறியியல் பீடத்தில் படித்த காலத்திலேயே ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்துக்குத் தொண்டராக உதவத் தொடங்கினேன். 2005-இல் தொடங்கிய முயற்சி அது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிந்த ஊர்க்காரருக்கு, ஒரு பழைய சஞ்சிகையை மின்வருடியில் வைக்கிற வேலை வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஆனாலும் எங்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, மதிப்பெண்ணும் தரவில்லை. விரிவுரை முடிந்து பின்னேரம் இருந்து செய்வோம்.

ஒரு சஞ்சிகையில் இதழ் எண் இருக்கும், ஆண்டு இருக்காது. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி அச்சாகியிருக்கும். அட்டை கிழிந்து, உள்ளே விளம்பரத்தை வைத்துத்தான் காலத்தை ஊகிக்க வேண்டும். ஊகித்ததை ஊகம் என்றே பதிய வேண்டும். இன்றைக்குத் தரவுத்தள வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் தருகிற தரவு அரைகுறையாக வந்தால் மற்றவர்கள் பதறுவார்கள், எனக்குப் பதற்றம் வருவதில்லை.

வலந்தலை வேதியியல் என்றபடியால் இதையும் சொல்ல வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலில் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் ஒரு வேதியியலாளர். சுவிட்சர்லாந்தில் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளிவேதியியல் ஆராய்ச்சி. ஆய்வகத்துக்கு வெளியே அவர் செய்தது தமிழ் எழுத்துரு. ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். அதன் பிறகு உலகம் முழுக்கத் தொண்டர்களைச் சேர்த்துச் சங்க இலக்கியத்திலிருந்து தட்டச்சு செய்வித்தார். இன்றைக்கு நாங்கள் எல்லோரும் சங்கப் பாடலை இணையத்தில் சும்மா படிக்கிறோமே, அதில் ஒரு வேதியியலாளரின் மாலைநேரங்கள் இருக்கின்றன.

---

நெறியாளர்_மேசை எழுதியது:

நான் ஆய்வு நெறியாளர். வலந்தலையின் கைடு சொன்னதை என் மாணவர்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அந்தப் பக்கத்திலிருந்தும் கேளுங்கள்.

உதவித்தொகை ஐந்து வருடம்தான். மூன்றாம் வருடம் கட்டுரை இல்லை என்றால் எங்களுக்குப் பயம் வந்துவிடும். மாணவருக்குத் தெரியாது, நாங்கள் இந்தக் கணக்கை நடுராத்திரியில் போட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பயத்தில் கண்ணுக்குத் தெரிகிற எதையாவது நிறுத்தச் சொல்வோம். மிருதங்கம் கண்ணுக்கும் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது. ராத்திரி ரெண்டு மணி வரை ஃபோன் பார்க்கிற பையனிடம் யாரும் எதையும் நிறுத்தச் சொல்வதில்லை.

அதே சமயம், ஆய்வு முட்டி நிற்கும்போது கலைக்குள் போய் ஒளிந்துகொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே கைதட்டு உடனே கிடைக்கும், இங்கே கிடைக்காது. அப்படித்தான் நடக்கிறதா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், தம்பி. கட்டுரை திரும்பி வந்த அன்று மிருதங்கம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள்.

என் அனுபவத்தில் ஒரு கலையைக் குருவிடம் உட்கார்ந்து கற்றவர்களிடம் ஒரு குணம் உண்டு: திருத்தம் வாங்கப் பழகியவர்கள். “மறுபடி” என்று குரு சொன்னால் மறுபடி வாசிப்பார்கள். கட்டுரையைப் பரிசீலிக்கிற நடுவர்களின் குறிப்பைப் பார்த்ததும் அழுகிற, ஆத்திரப்படுகிற மாணவர்கள் உண்டு. பாட்டோ நடனமோ கற்ற என் மாணவர்கள் பெரும்பாலும் அடுத்த நாளே குறிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உங்களிடமும் அது இருக்கும். அதைக் கட்டுரையின் பக்கம் திருப்புங்கள்.

கைடிடம் போகும்போது மிருதங்கத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள். நடுவர் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப் போகிறீர்கள், எந்தச் சோதனை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் பார்த்ததும் அவர் பயம் பாதி குறையும். பிறகு, காலை ஒரு மணி நேரம் ஆய்வக நேரத்திலிருந்து எடுப்பதில்லை என்று சொல்லுங்கள். மார்கழியில் ஒரு கச்சேரி மட்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றோடு நிறுத்துங்கள்.

---

முதல்_பட்டதாரி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். சில விஷயங்களில் என் மனம் மாறியிருக்கிறது, சிலவற்றில் மாறவில்லை.

கோலமும் பறவையும் காசு கேட்பதில்லை, அது சரி. ஆனால் சொல்லித்தருகிற ஒரு ஆள் வேண்டும், கூட நிற்க நாலு பேர் வேண்டும். கடற்கரை_நடை அக்காவுக்கு நடக்கக் குழு இருந்தது. ஏற்காட்டு_மழைக்குப் பைனாகுலர் கொடுக்க ஒருவர் இருந்தார். என் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பேருந்து இருக்கிறது.

ஒன்று நினைவுக்கு வந்தது. ரெக்கார்டு நோட்டில் படம் போட்டேன் என்று எழுதினேனே, இன்று இயந்திர வரைபடம் நடத்துகிறவன் நான். எந்தப் பொருளையும் மூன்று பக்கமும் மனதுக்குள் திருப்பிப் பார்க்க எனக்கு எளிதாக வரும். பிள்ளைகள் திணறும்போது, சாக்பீஸை எடுத்துக் கைபோக்கில் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். அந்தக் கை கல்லூரி கொடுத்தது அல்ல. நேர்முகத்தில் அதை ஹாபி என்று சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

முதல்_பட்டதாரி சார், உங்கள் கல்லூரியில் மதிய உணவு இடைவேளை எவ்வளவு நேரம்? எங்கள் துறையில் ஒரு காலத்தில் சுவர்ப் பத்திரிகை நடத்தினோம். இடைவேளையிலேயே எழுதி, இடைவேளையிலேயே ஒட்டுவார்கள். பேருந்துப் பிள்ளைகள்தான் அதில் அதிகம். படம் வரைய நீங்களே இருக்கிறீர்கள்.

---

வலந்தலை எழுதியது:

நெறியாளர் அம்மா சொன்னபடியே தாளோடு போனேன். கைடு ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு சோதனைகளை அடித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார். கடைசியில்தான் கச்சேரியைச் சொன்னேன். “திருத்திய கட்டுரை ஐப்பசிக்குள் போகட்டும், மார்கழிக்குப் போய் வாசி” என்றார். காலைச் சாதகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

நெறியாளர் அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டுரை திரும்பி வந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் வாசித்திருக்கிறேன். ஆனால் மறுநாள் ஆய்வகம் போகாமல் இருந்ததில்லை. இரண்டையும் கவனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

விடுதியில் வாசிப்பதற்குப் பக்கத்து அறைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வழி உண்டா?

---

நாதம் எழுதியது:

தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ரவை ஒட்டாமல், வலந்தலையில் மெல்லிய துணியைப் போட்டு வாசியுங்கள். நாதம் வராது, கைக்கணக்குக்குப் போதும். வாரத்துக்கு ஒரு நாள் மாலை இயற்பியல் துறை ஒலியியல் ஆய்வகத்தைக் கேட்டுப் பாருங்கள். மணல் தூவிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

---

முதல்_பட்டதாரி எழுதியது:

எங்கள் இடைவேளை நாற்பது நிமிடம், அதில் சாப்பாட்டு வரிசையே இருபது. சுவர்ப் பத்திரிகைக்கு அது போதும், பயிற்சிக்குப் போதாது. அதனால் முதல்வரிடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன்: புதன்கிழமை மட்டும், தடத்துக்கு ஒரு பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பட்டும். எங்கள் கல்லூரியில் பதினொரு தடம் இருக்கிறது. எந்தத் தடத்தில் எத்தனை பேர் தங்க விரும்புகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். டீசல் செலவைத்தான் முதலில் கேட்பார்கள்.

---

கூட்டல்_கழித்தல் எழுதியது:

கணக்கெடுப்புப் படிவம் நான் தயார் செய்து தருகிறேன். “தங்க விருப்பமா” என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். வீட்டுக்கு எத்தனை மணிக்குள் போக வேண்டும், இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், தங்கினால் என்ன செய்ய ஆசை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெண் பிள்ளைகளின் பதிலைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். பதினொரு தடத்தையும் ஒரே புதனில் கேட்காமல், ஆள் அதிகம் உள்ள இரண்டு தடத்தில் ஒரு பருவம் நடத்திக் காட்டுவதாக எழுதினால் முதல்வர் ஒப்புக்கொள்வது சுலபம்.